முகூர்த்த நாளைத் தாங்கும் அறை: கொங்குப் பகுதி உயர்தர ஓட்டல்களுக்கு உள்ளலங்காரக் கையேடு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் ஓட்டல் அறைக்கு இரண்டு வகை விருந்தினர் வருகிறார்கள். வார நாட்களில் பனியன் ஆர்டர் பார்க்கவும், வீட்டு உபயோகத் துணி வாங்கவும், மருத்துவமனைக்கும் வருபவர்கள். அறைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். முகூர்த்த நாளில் அதே அறையில் ஐந்து பேர், நான்கு பெட்டி, ஒரு கூடை மல்லிகை, தலைக்கு எண்ணெய், விடிகாலை மூன்று மணிக்கு எல்லோருக்கும் சுடுதண்ணீர். உள்ளலங்காரம் செய்பவர்களில் பெரும்பாலோர் முதல் வகைக்கு மட்டும் அறை வரைகிறார்கள். படத்தில் அழகாக இருக்கும் அந்த அறை, ஒரு தை மாசம் முடிந்ததும் பழைய அறை ஆகிவிடுகிறது. கீழே வரும் அளவுகளும் பொருட்களும் இரண்டாவது வகையையும் கணக்கில் வைத்தவை.

முதலில் ஒரு மாதிரி அறை

80 அறை ஓட்டல் என்று வைத்துக்கொள்வோம். அத்தனைக்கும் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரே ஒரு அறையை முழுமையாகக் கட்டி முடியுங்கள். சுவர், சீலிங், பாத்ரூம், கட்டில், திரை, விளக்கு, தண்ணீர் எல்லாம் ஓட வேண்டும். தனி ஷெட்டில் பிளைவுட்டில் கட்டிப் பார்க்கும் மாதிரி, தோற்றத்தை மட்டுமே சொல்லும். கட்டிடத்திலேயே ஒரு அறையில் செய்தால்தான் சீலிங்குக்கு மேலே குழாயும் ஏசி டக்டும் ஒன்றோடொன்று இடிப்பது தெரியும்.

அறை முடிந்ததும் மூன்று சோதனை செய்யுங்கள். ஹவுஸ்கீப்பிங் ஆளை விட்டு முழுதாகச் சுத்தம் செய்யச் சொல்லி, எங்கே கை எட்டவில்லை, எங்கே முட்டி போட வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி நடந்து பாருங்கள். இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படுங்கள்: ஏசியின் நீலப் புள்ளி, கதவடியில் காரிடார் வெளிச்சம், திரை ஓரத்தில் தெரு விளக்கு, டிவியின் சிவப்புப் பொட்டு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். இந்த மூன்றிலும் கண்ட குறைகளைத் திருத்திய பிறகே மற்ற அறைகளுக்கு வரைபடம் போக வேண்டும். மாதிரி அறைக்கு ஆறு வாரம் வீணாகிறது என்று உரிமையாளர் முணுமுணுப்பார். 80 அறையில் சுவிட்ச் போர்டை இடம் மாற்றும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அறையின் அளவு

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஐந்து நட்சத்திர வகைப்பாட்டுக்குப் பாத்ரூம் நீங்கலாக அறை குறைந்தது 200 சதுர அடி இருக்க வேண்டும். உள்ளளவு 12 அடி அகலம், 25 அடி நீளம் கிடைத்தால் இந்தக் கணக்குச் சரியாக அமையும். நீளத்தில் வாசல் பக்கம் 8 அடி பாத்ரூமுக்கும் அலமாரிக்கும். மீதி 17 அடி படுக்கைப் பகுதி. அது மட்டுமே 204 சதுர அடி.

12 அடி அகலம் எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். மெத்தை நீளம் 78 அங்குலம், ஹெட்போர்டு எனும் தலைமாட்டுப் பலகையின் கனம் 3 அங்குலம். இரண்டும் சேர்ந்து ஆறே முக்கால் அடி. எதிர்ச் சுவரில் டிவி பேனலும் மேசையும் ஒன்றரை அடி. நடைபாதைக்கு மிஞ்சுவது மூன்றே முக்கால் அடி. இதைவிடக் குறைந்தால், ஒருவர் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் பின்னால் போக முடியாது. ஹெட்போர்டை 6 அங்குலக் கனத்தில் அடுக்கு அடுக்காக வரையும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அந்த 3 அங்குலம் இந்த நடைபாதையில் இருந்துதான் போகிறது.

17 அடியில் கட்டில் அகலம் 6 அடி, இரு பக்கமும் இரண்டரை அடி, ஆக 11. ஜன்னலோரம் மீதமுள்ள 6 அடியில் சோபா வரும். அந்த சோபாவை 6 அடி நீளமும் 2 அடி 3 அங்குல ஆழமுமான திண்ணையாகச் செய்துவிடுங்கள். உட்காரும் உயரம் 18 அங்குலம், கீழே முழு நீளத்துக்கும் இழுப்பறை. கூடுதல் மெத்தையும் தலையணையும் அதற்குள் போய்விடும். கல்யாண நாளில் ஒரு குழந்தையோ பாட்டியோ அதன் மேலேயே படுக்கலாம். "எக்ஸ்ட்ரா பெட் ஒண்ணு வேணுங்க" என்று வரும் போன்களில் பாதி இதோடு நின்றுவிடும்.

மற்ற அளவுகள்: மெத்தையின் மேல்மட்டம் தரையில் இருந்து 22 முதல் 24 அங்குலம். மேசை உயரம் 750 மி.மீ. அலமாரி உள் ஆழம் 600 மி.மீ.; குறைந்தால் ஹேங்கர் கதவில் இடிக்கும். பெட்டி வைக்கும் பலகை 3 அடி அகலம், 18 அங்குல உயரம். உயர்தர அறை என்றால் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். பட்டுப் புடவை மாட்ட அலமாரியில் ஒரு பக்கமாவது 5 அடி தடையில்லாத உயரம் விடுங்கள். ஆள் உயரக் கண்ணாடி அலமாரிக் கதவுக்கு உள்ளே இருக்கக் கூடாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேர் வரிசையில் நிற்கும்போது நடைபாதை அடைபட்டுவிடும்.

மாடிக்கு நான்கு ஜோடி அறைகளாவது உள்கதவு வைத்து இணையும்படி இருக்கட்டும். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவருமே முதலில் கேட்பது அதைத்தான். ஒற்றைக் கதவு வைத்தால் பக்கத்து அறைப் பேச்சு கேட்கும். ஒவ்வொரு அறைப் பக்கமும் ஒரு கதவு, நடுவே 4 அங்குல இடைவெளி, நான்கு ஓரமும் ரப்பர் சீல், அடியில் தானாக இறங்கும் சீல். அறைகளுக்கு இடையிலான சுவரில் இரு பக்கத்து சுவிட்ச் பெட்டிகளையும் நேருக்கு நேர் வெட்டக் கூடாது. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்த ஓட்டை வழியே சத்தம் போய்விடும்.

சீலிங்கை மூடும் முன்

உள்ளலங்காரம் கெடுவதில் பாதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்து வருகிறது. வாசல் நடைக்கு மேல் தொங்கும் ஏசி யூனிட்டின் கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு 100-க்கு 1 இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கை உயர்த்திக் காட்ட வேண்டும் என்று அலங்கரிப்பவர் கேட்க, ஏசிக்காரர் குழாயை மட்டமாகப் போட்டுவிடுவார். ஆறு மாதத்தில் பாசி அடைத்து, வாசலில் மஞ்சள் வட்டம் விழும். ட்ரேயில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது முழுதாக வடிவதைப் பார்த்த பிறகே ஜிப்சம் பலகை ஏறலாம். யூனிட்டுக்கு நேர் கீழே 600க்கு 600 மி.மீ. திறப்பு கட்டாயம். அழகைக் கெடுக்கிறது என்று சிறிதாக்கினால், மோட்டார் மாற்றும் அன்று சீலிங்கை அறுப்பார்கள். காற்று வரும் கிரில், தலையணையை நேராகப் பார்க்கக் கூடாது.

ஜிப்சம் சுவரில் டிவி, கண்ணாடி, பெட்டிப் பலகை, கைப்பிடி வரும் இடங்களிலும், சீலிங்கில் திரைத் தண்டவாளம் வரும் இடத்திலும், உள்ளே 18 மி.மீ. பிளைவுட் வைத்து மூடச் சொல்லுங்கள். எல்லோரும் மறப்பது திரைத் தண்டவாளத்தைத்தான். கனமான பிளாக்அவுட் துணி வெறும் ஜிப்சத்தில் ஒரு வருடம்கூட நிற்காது.

விளக்கும் சுவிட்சும்

படுக்கைப் பகுதிக்கு 2700 கெல்வின், பாத்ரூம் கண்ணாடிக்கு 3000 கெல்வின், எல்லாவற்றுக்கும் சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல். கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாக இருக்கும். பட்டுப் புடவையின் நிறம் சி.ஆர்.ஐ. குறைந்த விளக்கில் வேறாகத் தெரியும்; இந்த ஊரில் அதைக் கவனிக்காமல் விட மாட்டார்கள். கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு வைத்தால் கண்ணுக்குக் கீழ் நிழல் விழும். இரு பக்கமும் நெட்டுக்குத்தாக வையுங்கள்.

மங்கவைக்கும் சுவிட்ச் போடுகிறீர்கள் என்றால் விளக்கின் டிரைவரும் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் கருவி) சுவிட்சும் ஒரே முறையில் இயங்குகின்றனவா என்று மாதிரி அறையில் சோதியுங்கள். ஒத்துப்போகாவிட்டால் குறைந்த வெளிச்சத்தில் துடிக்கும். சில சமயம் அணைத்த பிறகும் லேசாக எரிந்துகொண்டிருக்கும். 80 அறைக்கு டிரைவர் மாற்றுவது சின்ன வேலை இல்லை.

கட்டிலின் இரு பக்கமும் தரையில் இருந்து 700 முதல் 750 மி.மீ. உயரத்தில் சுவிட்ச், பிளக், யு.எஸ்.பி.-சி. படுத்தபடியே எல்லா விளக்கையும் அணைக்க ஒரே சுவிட்ச், அதன் மேல் தெளிவாக எழுத்து. தொடுதிரைப் பேனல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அறுபது வயதுக்காரர் இருட்டில் அதைத் தடவிக்கொண்டிருப்பார். கடைசியில் ரிசப்ஷனுக்குப் போன் வரும். சாவி அட்டையை எடுத்தால் எல்லாம் அணையும் ஏற்பாட்டில் ஃப்ரிட்ஜையும் ஒரு சார்ஜிங் பிளக்கையும் தனிச் சர்க்யூட்டில் விடுங்கள். கட்டிலுக்கு அடியில் அசைவு தெரிந்து எரியும் சிறு விளக்கு ஒன்று இருந்தால், மூன்று மணிக்கு ஒருவர் எழும்போது அறையே விழிக்காது.

பாத்ரூம்: தண்ணீரைப் பார்த்துப் பொருள் எடுங்கள்

சிறுவாணித் தண்ணீரின் மென்மையும் சுவையும் ஊரறிந்தவை. ஆனால் ஓட்டலின் அன்றாடத் தேவைக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் ஓடும். பல்லடம், திருப்பூர், கரூர்ப் பக்கம் அது கடினமாகவே இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 600 வரை. அந்த மேல் எல்லையை ஒட்டிய தண்ணீர் குடிக்க அனுமதி பெறலாம். கறுப்பு ஷவரில் விழுந்தால் இரண்டே வாரத்தில் வெள்ளை பூக்கும். ஃபிட்டிங் தேர்வு செய்வதற்கு முன் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்குங்கள். மென்மையாக்கும் கருவி போட்டிருந்தாலும், சோதனைக்கான தண்ணீரை அந்தக் கருவி இருக்கும் அறையில் பிடிக்காமல் மேல்மாடிக் குழாயில் பிடியுங்கள். உப்பு போட்டு மீளூட்டம் செய்ய மறந்த நாளில் என்ன வருகிறது என்பதுதான் முக்கியம்.

இதனால் சில முடிவுகள் தாமாகவே வந்துவிடும். மேட் கறுப்பு ஃபிட்டிங் வேண்டாம். பிரஷ் செய்த நிக்கல் அல்லது குரோம் எடுங்கள். வாஷ்பேசின் மேடைக்குப் பளபளக்கும் கறுப்பு கிரானைட் வேண்டாம். நடுத்தர சாம்பலோ தேன் நிறமோ, லெதர் ஃபினிஷில். பளிங்கு என்றால் எலுமிச்சையும் ஆசிட் கலந்த கிளீனரும் அதை அரித்து மங்கலாக்கும். உப்புக் கறை போக்க ஹவுஸ்கீப்பிங் ஆள் எடுப்பதே ஆசிட்தான்; ஆகக் கடினத் தண்ணீர் இருக்கும் கட்டிடத்தில் பளிங்கு வைப்பது, அதைக் கெடுக்க ஆளும் வைப்பதுதான். ஷவர் தலை, ரப்பர் முனைகள் உள்ளதாக இருந்தால் விரலால் தேய்த்தாலே உப்பு உதிரும். ஓடுகளின் இணைப்புக்கு எபாக்சி கிரவுட். சிமென்ட் கிரவுட் உப்பையும் எண்ணெயையும் குடித்துக் கறுக்கும்.

ஷவர் இடம் 3 அடிக்கு 4 அடி. கண்ணாடி 10 மி.மீ. டஃபன்டு. தரை ஓடு வழுக்காத ஆர்11 தரத்தில், 2 அங்குலச் சில்லுகளாக. எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் இருக்கும்வரை இதில் சமரசம் கிடையாது. சரிவு 60-க்கு 1, அறைப் பக்கம் போகாமல் வடிகாலை நோக்கி. வடிகால் மூடி, விரலால் தூக்கி எடுக்கக்கூடியதாக, உள்ளே முடி பிடிக்கும் கூடையோடு இருக்கட்டும். சீயக்காயும் பூவிதழும் அடைக்கும்போது பிளம்பரைக் கூப்பிடாமல் காரியம் ஆகும்.

பக்கெட்டுக்கு இடம் விடுங்கள். உயர்தர ஓட்டலில் பக்கெட் எதற்கு என்று வரைபவர் கேட்பார். "ஒரு பக்கெட்டும் மக்கும் அனுப்புங்க" என்று விருந்தினர் கேட்பார். ஷவருக்குள் தரையில் இருந்து 20 அங்குல உயரத்தில் ஒரு தனிக் குழாய், பக்கத்தில் நிலையான உட்காரும் பலகை 17 அங்குல உயரத்தில். பக்கெட் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். ஹெல்த் ஃபாசட் வைப்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நீர்க்காப்பு: தரை முழுதும், சுவரில் 300 மி.மீ. உயரம், ஷவர் பகுதியில் 6 அடிக்கு மேல். பூசி உலர்ந்ததும் வடிகாலை அடைத்து 72 மணி நேரம் தண்ணீர் தேக்குங்கள். கீழ்மாடிச் சீலிங் மூடாமல் இருக்கும்போதே இதைச் செய்தால்தான் கசிவு தெரியும். ஓடு ஒட்ட வருபவர் ஆணி அடித்து மட்டம் பிடிப்பார். அந்த ஆணி நீர்க்காப்பைத் துளைக்கும். அன்று மேஸ்திரி பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாத்ரூம் தரை அறைத் தரையைவிட 15 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். கதவடியில் 12 மி.மீ. இடைவெளி விட்டால்தான் எக்ஸாஸ்ட் காற்றை இழுக்கும். இல்லையென்றால் ஃபேன் சுற்றும், ஈரம் போகாது.

சுடுதண்ணீர்க் கணக்கை இன்ஜினியர் போட்டாலும் டேங்குக்கும் குழாய்த் தண்டுக்கும் இடம் ஒதுக்குவது வரைபடத்தில்தான். 80 அறையில் அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு 40 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் என்று வையுங்கள். 60 டிகிரியில் தேக்கி 25 டிகிரித் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் கொடுத்தால், ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 4,000 லிட்டர் சுடுதண்ணீர் வேண்டும். வழக்கமான ஓட்டல் கணக்கு, குளியல் மூன்று மணி நேரத்துக்குப் பரவும் என்று எடுத்துக்கொள்ளும். அதிகாலை முகூர்த்தம் அப்படிப் பரவ விடாது.

துணி

இந்த வட்டாரத்தில் ஓட்டல் கட்டுபவருக்கு வேறு எங்கும் கிடைக்காத வசதி இது: படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத் துணி எல்லாம் உலகத்துக்கே அனுப்பும் கரூர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் பலர் பிராண்ட் பெயர் ஒட்டிய அதே துணியை வெளியூரில் இருந்து வாங்குகிறார்கள். தறிக்காரரிடம் நேராகப் பேச வேண்டுமானால் என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விரிப்புக்குச் சதுர அங்குலத்துக்கு 300 இழை, 60-ஆம் நம்பர் ஒற்றை நூல், முழுப் பருத்தி. 600, 1000 என்று வரும் எண்ணிக்கைகள் பெரும்பாலும் பல புரிகளைத் தனித்தனியாக எண்ணிக் காட்டுபவை. துணி கனக்கும், காற்றோட்டம் குறையும். சாட்டின் நெசவு மினுமினுப்பாக இருக்கும், ஆனால் கொலுசிலும் நகையிலும் மாட்டி இழை கிளம்பும். பெர்கேல் எனும் சாதா நெசவு மொடமொடப்பாக, நம்ம வெயிலுக்கு இதமாக, அதிகச் சலவை தாங்கும். வார நாள் விருந்தினரை நம்பும் ஓட்டலுக்கு சாட்டின் பரவாயில்லை. கல்யாண மண்டபத்தோடு உள்ள ஓட்டலுக்குப் பெர்கேல்தான்.

அளவு இப்படி எடுங்கள். மெத்தை 72க்கு 78 அங்குலம், கனம் 10. அகலத்துக்கு 72, இரு பக்கக் கனம் 20, உள்ளே மடிக்க 16, மொத்தம் 108. நீளத்துக்கு 78, 20, 16, மொத்தம் 114. சலவையில் ஐந்து சதவீதம் சுருங்கும் என்று சேர்த்தால் 114க்கு 120. சுருக்கம் சேர்க்காமல் வாங்கிய விரிப்பு, பத்துச் சலவைக்குப் பிறகு மூலையில் கழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டிலுக்கும் குறைந்தது மூன்று செட்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். முகூர்த்த நாட்களில் காலையில் காலி செய்து மதியமே அடுத்தவர் வருவதால் நான்கு வைத்துக்கொள்வது நல்லது.

குளியல் துண்டு 30க்கு 60 அங்குலம், 550 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). அப்படியென்றால் ஒரு துண்டு சுமார் 640 கிராம் எடை. வந்த சரக்கை எண்ண வேண்டாம், தராசில் போட்டாலே ஏமாற்று தெரிந்துவிடும். 700 ஜி.எஸ்.எம். கேட்கும் உரிமையாளரிடம், அது உலர ஆகும் நேரத்தையும் டிரையர் கரண்டையும் சொல்லுங்கள்.

மஞ்சள் கறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சளில் உள்ள நிறமி காரத்தில் சிவப்பாகும். கறை பட்ட விரிப்பைச் சலவைத்தூளில் போட்டதும் செந்நிறம் ஆவதைப் பார்த்துப் பயந்து, இன்னும் காரம் சேர்ப்பார்கள். வெறும் தண்ணீரில் முதலில் அலசி, ஆக்சிஜன் பிளீச்சில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தினால் பெரும்பாலும் போய்விடும். இந்த நிறமி வெளிச்சத்துக்குத் தாங்காது. அலங்கார மேசைப் பகுதியில் அடர்நிறச் சிறு துண்டு இரண்டை வைத்தால், மையும் குங்குமமும் வெள்ளைத் துண்டுக்குப் போகாது. அதே பகுதியில் தரை கார்பெட்டாக இருக்கக் கூடாது.

அடுத்த எதிரி தேங்காய் எண்ணெய். ஹெட்போர்டில் தலை சாயும் இடம், தரையில் இருந்து இரண்டரை முதல் நான்கு அடி வரை, ஒரு வருடத்தில் கறுத்துவிடும். வெல்வெட்டும் லினனும் அங்கே கூடாது. மலிவான பி.யு. (பாலியூரிதேன்) செயற்கைத் தோலும் கூடாது, எண்ணெயும் வெப்பமும் பட்டு இரண்டு மூன்று வருடத்தில் உரியும். ஓட்டல் தர வினைல் அல்லது சிலிகான் பூச்சுத் துணி போடுங்கள். ஹெட்போர்டை ஒற்றைத் துண்டாகச் செய்யாமல் 2 அடி அகலப் பலகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இசட் கிளிப்பில் தொங்கவிடுங்கள். கறை பட்ட பலகையை மட்டும் கழற்றி, ஸ்டோரில் உள்ளதை மாட்ட ஐந்து நிமிடம். 80 அறைக்கு ஆறு பலகை கூடுதலாகச் செய்து வைத்தால் போதும்.

நாற்காலி, சோபாத் துணிக்கு மார்ட்டின்டேல் தேய்ப்புச் சோதனையில் 40,000-க்கு மேல் கேளுங்கள். தீத்தடுப்புக்குத் திரைத் துணியில் பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 5867, மெத்தை வைத்த இருக்கைகளில் பி.எஸ். 5852 சான்றிதழ். சில துணிகளில் தீத்தடுப்பு மேற்பூச்சாக இருக்கும், சலவையில் போய்விடும். எத்தனை சலவை வரை நிற்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

திரைக் கணக்கு: 10 அடி ஜன்னலுக்கு இரண்டரை மடங்கு மடிப்பு வைத்தால் 25 அடி துணி அகலம். 54 அங்குலத் துணியில் ஆறு பாகம். உயரம் 9 அடி, தலைக்கும் மடிப்புக்கும் ஒரு அடி. ஆக 60 அடி, 20 கஜம். பெரிய டிசைன் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிசைன் நீளம் சேரும். பிளாக்அவுட் திரை ஜன்னலைத் தாண்டி இரு பக்கமும் 6 அங்குலம் போக வேண்டும். மேலே திரைத் தண்டவாளத்தை மறைக்கும் 8 அங்குல ஆழப் பெல்மெட் இல்லாவிட்டால் வெளிச்சம் சீலிங்கில் விழும்.

இனி கைத்தறி. பவானி ஜமக்காளம், சென்னிமலை பெட்ஷீட், நெகமம் பருத்தி, கோவை கோரா காட்டன் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்போது, காங்கேயம் காளைப் படத்தை எல்லா அறையிலும் மாட்டி "கொங்கு தீம்" என்று சொல்வது சோம்பல். பொருளாகவே உள்ளே கொண்டு வாருங்கள். பவானி ஜமக்காளத்தின் அகலக் கோடுகள் காரிடார்ச் சுவரில், நான்கு அடிக்கு மேலே, சட்டத்தில் இழுத்துக் கட்டினால் எடுப்பாக இருக்கும். கொஞ்சம் சத்தத்தையும் அடக்கும். அதற்குக் கீழே பெட்டியும் டிராலியும் உரசும் உயரம், அங்கே மரமோ லேமினேட்டோதான். தரையில் விரித்தால் அடியில் வழுக்காத ரப்பர் வலை வேண்டும். சென்னிமலைத் துணி கட்டிலின் கால்மாட்டு விரிப்புக்குச் சரி.

கைத்தறி வாங்கும்போது தவறுவது இரண்டு. ஒன்று, சாயம். ஈர வெள்ளைத் துணியால் பத்துத் தரம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்; நிறம் இறங்கினால் வெள்ளை விரிப்பின் மேல் போட முடியாது. இரண்டு, தவணை. தறி வேலை அவசரத்துக்கு வராது. திறப்புக்கு நான்கு மாதம் முன்பே சங்கத்திடமோ தறிக்காரரிடமோ ஆர்டர் போயிருக்க வேண்டும். தறிக்குத் தறி நிறம் லேசாக மாறும். அதைக் குறையாகப் பார்க்காமல், ஒரே சுவரில் இரண்டு துண்டை ஒட்டி வைக்காதபடி வரையுங்கள்.

மரவேலை

ஈரம் படும் இடத்தில் இந்தியத் தரமான ஐ.எஸ். 710 பிளைவுட், மற்ற இடத்தில் ஐ.எஸ். 303-இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரம், காரிடாரில் தீத்தடுப்புக்கு ஐ.எஸ். 5509. முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு லோடிலும் பார்க்க வேண்டும். முதல் லோடு சரியாக வரும், மூன்றாவது லோடில்தான் மாறும். மரச்சட்டங்களின் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஆசாரியிடம் மீட்டர் இல்லையென்றால் நீங்கள் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஏசி போட்ட அறையில் ஈரமரம் சுருங்கி இணைப்பு திறக்கும்.

வெனீரை (பிளைவுட் மேல் ஒட்டும் மெல்லிய மரத் தகடு) மொத்த அறைக்கும் ஒரே மரத்துத் தொடரில், 15 சதவீதம் கூடுதலாக, ஒரே நாளில் தேர்ந்தெடுங்கள். கெட்டில் வைக்கும் இடத்துக்கு நேர் மேலே தட்டு வரக் கூடாது. நீராவியில் வெனீர் உப்பிவிடும். வெளியே இழுக்கும் தட்டில் கெட்டிலை வைத்தால் தீர்ந்தது. ஃபில்டர் காபி டிக்காக்ஷன் கறை பிடிக்காமல் இருக்க அந்தத் தட்டுக்கு அடர்நிற லேமினேட் போதும்.

வெளிச்சுவரின் உட்புறத்தில் வினைல் வால்பேப்பர் ஒட்டாதீர்கள். மழையில் சுவர் ஈரம் இழுக்கும். ஏசியால் உட்புறம் குளிர்ந்திருக்கும். பேப்பருக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை படரும். ஆனைகட்டி, வால்பாறைப் பக்கம் இது ஒரே பருவத்தில் தெரியும். அந்தச் சுவருக்கு மூச்சுவிடும் பெயின்ட் போதும்.

வாசலும் லாபியும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்பது பொள்ளாச்சி, உடுமலை, பல்லடத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கு பார்த்த வாசலில் ஒற்றைக் கண்ணாடிக் கதவு வைத்தால், திறக்கும்போதெல்லாம் ரிசப்ஷன் மேசைக் காகிதம் பறக்கும், தூசு உள்ளே வந்து படியும். இரண்டு கதவு வைத்து நடுவே குறைந்தது 10 அடி விடுங்கள். அதற்குக் குறைந்தால் பெட்டியோடு வருபவர்களுக்கு இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்துவிடும். அந்த 10 அடி முழுவதும் தரையில் பள்ளம் எடுத்து, பொள்ளாச்சிக் கயிற்று மிதியடியைப் பதியுங்கள். பள்ளத்தின் ஆழத்தை மிதியடி வாங்கிய பிறகே முடிவு செய்யுங்கள். அழுந்திய பிறகும் மேல்மட்டம் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும்.

லாபி சோபாக்களின் உட்காரும் உயரம் 17 முதல் 18 அங்குலம், பாதிக்காவது கைப்பிடி. 14 அங்குலத்தில் ஆழமாகப் போகும் சோபா படத்துக்கு நன்றாக இருக்கும். ஆத்தாவை எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

ஒப்படைத்த பிறகு

ஓடு, கார்பெட், துணி எல்லாவற்றிலும் ஐந்து முதல் பத்து சதவீதம் ஸ்டோரில் இருக்க வேண்டும். வெட்டிய துண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் நிற எண், தொகுதி எண், எந்த மாடி என்று எழுதி ஒட்டுங்கள். துணி, திரை, கார்பெட் பொதுவாக 5 முதல் 7 ஆண்டில் மாற்ற வேண்டி வரும்; மரவேலை அதைப் போல இரண்டு மடங்கு நிற்கும். ஆகவே மரத்தை அமைதியான நிறத்தில் வைத்து, மாறும் மோகத்தைத் துணியில் காட்டுங்கள்.

பழுது பார்க்க ஆடியும் மார்கழியும்தான் கிடைக்கும். கல்யாணம் இல்லாத மாதங்கள். ஆடியில் பிளம்பிங், ஏசி, மெத்தை மாற்றம், ஹெட்போர்டு வேலைகளை மாடி மாடியாக முடியுங்கள். அந்தக் காற்றில் பாலிஷ் மட்டும் போடாதீர்கள். ஜன்னலை எவ்வளவு அடைத்தாலும் ஈர பி.யு. பாலிஷ் மேல் தூசு உட்கார்ந்து சொரசொரப்பாகும். பாலிஷையும் பெயின்டையும் மார்கழிக்கு ஒதுக்கி, தை பிறக்கும் முன் வாடை போக ஒரு வாரம் அறைகளைத் திறந்து வையுங்கள்.